நாள்வாடகை வீட்டுக்கு உயிர்ச்செடியா, பிளாஸ்டிக் செடியா: மன்னார்க் கரைக்கான வழிகாட்டி

மன்னார்த் தீவிலும் அதை ஒட்டிய பெருநிலக் கரையிலும் நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ வாடகைக்கு விடப்படும் வீடுகளில் செடி வைப்பதற்குப் பொதுவாக இரண்டு நோக்கங்கள் உண்டு. ஒன்று படம். வாடகைக்கு ஆள் பிடித்துத் தரும் செயலிகளில் ஏற்றும் படங்களில் கொஞ்சம் பச்சை தெரிந்தால் அறை குளிர்மையாகத் தோன்றும். மற்றது வீடு. மத்தியான வெயிலில் வந்து இறங்குபவருக்கு விறாந்தையில் நாலு பூக்கன்று நின்றால் களைப்பு ஆறும். படத்தை நினைத்து வாங்குபவர் பிளாஸ்டிக்கில் போய் நிற்கிறார். வீட்டை நினைத்து வாங்குபவர் உயிர்ச்செடியைத் தேடுகிறார். இரு பக்கத்திலும் பிழையான தெரிவுகள் மலிந்திருக்கின்றன. கொழும்பு விடுதியொன்றின் படத்தைக் காட்டி அதே மாதிரிப் பச்சைச் சுவர் வேண்டும் என்பவர்களும், வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ அக்காவோ சொன்ன சொல்லுக்காக நுவரெலியாக் குளிரில் வளர்ந்த பன்னத்தைப் பஸ்ஸில் சுமந்து வருபவர்களும் இங்கே குறைவில்லை. யாருடைய கண்ணுக்காக வீடு சோடிக்கப்படுகிறதோ அவர் அந்த வீட்டில் இருப்பதில்லை. இந்தத் தெரிவுகளின் பொதுக் குறை அதுவே.

முதலில் பார்க்க வேண்டியது வீடு எந்த மாதங்களில் பூட்டிக் கிடக்கிறது என்பது. மன்னாருக்கு ஆட்கள் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. மடு மாதா கோயிலின் யூலைத் திருவிழாவுக்கும் ஆகஸ்ட் 15ஆந் திகதித் திருவிழாவுக்கும் ஒரு கூட்டம் வரும். திருக்கேதீச்சரத்தின் மகா சிவராத்திரிக்கு இன்னொன்று. 2008இல் சரணாலயமாகி 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த வங்காலைக்குப் பூநாரையும் வாத்தினங்களும் பார்க்க வருபவர்களின் காலம் நவம்பர் தொடக்கம் மார்ச் வரை. பட்டம் பிடித்துக் கடலில் சறுக்குபவர்கள் சோழகம் வீசும் மாதங்களில் தலைமன்னார்ப் பக்கம் தங்குவார்கள். புலம்பெயர்ந்த குடும்பங்கள் யூலையிலும் ஆகஸ்டிலும் வருகின்றன. 2010இல் புதிய பாலம் திறந்து, 1990இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015இல் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு வருகை கூடியது உண்மை. ஆனாலும் ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையில் வீடு இரண்டு மூன்று வாரம் பூட்டியே கிடக்கும். யன்னல் அடைத்து, திரைச்சீலை இழுத்து, மின்விசிறி நின்று, உள்ளே வெக்கை ஏறியிருக்கும். செடியைச் சோதிக்கும் காலம் இந்தப் பூட்டிய வாரங்கள்தான். விருந்தினர் இருக்கும் நாட்களில் எந்தச் செடியும் நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, காற்று. மே தொடக்கம் செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோழகம் ஓயாது அடிக்கிறது. தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட, 103.5 மெகாவற் திறனுள்ள தம்பபவனி மின்நிலையத்தை இலங்கை மின்சார சபை 2020இல் நிறுவியது இந்தக் காற்றை நம்பித்தான். அதே காற்று மணலையும் உப்பையும் அள்ளிவந்து இலைமேல் அப்புகிறது. உப்புப் படிந்த இலை நுனியிலிருந்து பழுப்பாகி, பிறகு ஓரமெல்லாம் கருகும். அதைத் தண்ணீர்க் குறைவு என்று எண்ணி மேலும் மேலும் ஊற்றுவது வழக்கமான பிழை. அப்போது தேவைப்படுவது இலையை நல்ல தண்ணீரில் கழுவுவதும் சாடியைக் காற்று மறைவுக்கு நகர்த்துவதும்.

மூன்றாவது, தண்ணீர். மன்னாரில் ஆண்டு மழை சராசரியாக ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர்தான். அதிலும் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். தீவின் நல்ல தண்ணீர் மணலுக்கடியில் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு சவர்த்துவிடும். பாசன நீருக்கு உலக உணவு விவசாய நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோலின்படி, மின்கடத்துதிறன் மீற்றருக்கு 0.7 டெசிசீமன்சுக்குக் குறைந்த நீரால் உப்புத் தொல்லை இல்லை. 3ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்குக் கடும் தொல்லை. இதை அளக்கும் கைக்கருவி ஒன்றை ஊரில் நாலு வீட்டுக்காரர் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். கருவி இல்லாதபோது சாடியே சொல்லும்: மண்சாடியின் வெளிப்பக்கத்தில் வெள்ளைப் பூச்சாக உப்புப் பூத்திருந்தால் ஊற்றும் தண்ணீர் சவர். அப்படியான இடத்தில் தண்ணீரை நாலு தரம் சிறிது சிறிதாகத் தெளிப்பதைவிட, ஒரே தரம் அடித்துளையால் வழிந்தோட ஊற்றுவது நல்லது; வழியும் நீரோடு சேர்ந்த உப்பும் வெளியேறும்.

இந்த மூன்றையும் கேட்ட வீட்டுக்காரர் ஒருவர், அப்படியென்றால் பிளாஸ்டிக் செடியே பேசாமல் போதுமே என்று எண்ணுவது இயல்பு. வாங்கி வைத்தால் சரி, தண்ணீர் வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், ஆள் வேண்டாம். நாள்வாடகை வீடு பற்றிய எல்லா ஆலோசனையும் இப்போது இந்தப் பக்கமே சாய்கிறது. மன்னார்க் கரையில் இந்த ஆலோசனை எடுபடாது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிகக் காசு வீணாவது இங்கேதான்.

பிளாஸ்டிக் பூவும் இலையும் உலகச் சந்தையில் பெருகியது 1950களின் பிற்பகுதியில், ஹொங்கொங் தொழிற்சாலைகளிலிருந்து. பின்னாளில் பெரும் செல்வந்தரான லி கா-ஷிங் 1950இல் தொடங்கிய சியுங் கொங் நிறுவனம் அந்த வியாபாரத்தால்தான் எழுந்தது. அவை பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளுக்கு. அங்கே குளிர்காலம் முழுவதும் கதவு யன்னல் அடைத்திருக்கும், வெயில் குறைவு, உள்ளே தூசி அடங்கியிருக்கும். அப்படியான அறையில் பிளாஸ்டிக் இலை பல ஆண்டு நிறம் மாறாமல் நிற்கும். வெயிலும் உப்பும் மணலும் சேர்ந்து அடிக்கும் விறாந்தையில் அதன் கதை வேறு.

கடைகளில் கிடைக்கும் இலைகள் பெரும்பாலும் பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக். 'பட்டு' என்று விற்கப்படுபவை பொலியெஸ்டர் துணி. இரண்டையும் சூரியனின் புற ஊதாக் கதிர் அரிக்கும். பச்சை நிறம் பல இலைகளில் நீலச் சாயமும் மஞ்சள் சாயமும் கலந்து வந்தது; அதில் மஞ்சள் முதலில் வெளிறும். அதனால் ஒரு சோழகம் கழிந்ததும் இலை காய்ந்த மஞ்சளாக மாறாமல், எந்த உயிர்ச்செடியிலும் காணாத ஒரு வெளிறிய நீலமாக மாறுகிறது. அந்த இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால், நரம்பு போல அச்சடித்த கோடுகளின் பள்ளத்தில் சாம்பல் நிறப் பசை போன்ற அழுக்கு இறுகியிருக்கும். அது உப்பும் தூசியும் சேர்ந்தது. உப்பு இரவின் ஈரத்தை இழுத்து இளகும். இளகிய உப்பில் அடுத்த நாள் தூசி ஒட்டும். மத்தியான வெயிலில் அது காயும். மறுபடி இரவு. துடைத்தால் பூசிக்கொள்ளும். காம்பை இலேசாக வளைத்தால் இலை அடியோடு கழன்று கையில் வரும். காம்புக்குள் ஓடும் கம்பி துருவேறி வீங்கி, மேலுறையைப் பிளந்து, சுவரில் செங்கோடு இழுத்திருக்கும்.

இவை எல்லாவற்றிலும் மோசமானது பச்சைச் சுவர். ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் பலகையில் நூற்றுக்கணக்கான சிறு இலைகள். ஒவ்வொன்றையும் கழுவ வேண்டும். கழுவ ஒருவரும் இல்லை. பலகைக்குப் பின்னால் பல்லி முட்டையிடும், குளவி கூடு கட்டும், எலி வழி கண்டுபிடிக்கும். வாடைக்காற்று மழையோடு வரும் மாதங்களில் சுவருக்கும் பலகைக்கும் இடையில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். அறைக்குள் வந்ததும் விருந்தினருக்கு அடிக்கும் மணம் அதுதான். முற்றத்தில் விரிக்கும் செயற்கைப் புல்லும் இதே வரிசையில் வரும். நேர்வெயிலில் அதன் மேற்பரப்பு 60 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். வெறுங்காலுடன் ஓடும் குழந்தை அதில் காலைச் சுட்டுக்கொள்ளும். கடற்கரையை ஒட்டிய முற்றத்தில் மணலே விரிப்பு. அதை அரித்துத் துப்புரவாக வைத்திருந்தாலே அழகு.

தீ அபாயமும் உண்டு. மின்வெட்டு நேரத்தில் மெழுகுவர்த்தியும், இரவு முழுக்க நுளம்புச் சுருளும் எரியும் வீட்டில் தூசி படிந்த பொலித்தீன் இலைக்கொத்து மேசைமேல் இருக்கக் கூடாது. கடைசியாக அப்புறப்படுத்துவது. வெளிறிய செயற்கைச் செடி இங்கே பெரும்பாலும் வளவின் மூலையில் எரிக்கப்படுகிறது. பீவீசீ கலந்த தண்டு திறந்த வெளியில் எரியும்போது டையொக்சின் முதலான நச்சுப் பொருட்கள் வெளியேறும். எரிக்காமல் வீசினால் காற்று இலைகளைக் கழற்றிக் கொண்டுபோய் வேலியோரம், கடல், களப்பு என்று சேர்க்கும். வீதியில் திரியும் ஆடும் மாடும் கழுதையும் அதை மெல்லும். தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழாயோடு பிளாஸ்டிக் மலர்மாலையையும் இலங்கை அரசு 2023 ஒக்டோபரில் தடைசெய்தது. செயற்கைச் செடி அந்தப் பட்டியலில் இல்லை என்றாலும், குப்பையான பிறகு மாலைக்கும் செடிக்கும் வேறுபாடு இல்லை.

செயற்கைச் செடிக்குப் பொருத்தமான இடம் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. யன்னலே இல்லாத குளியலறைத் தட்டு, வெளிச்சம் எட்டாத நடைபாதை மூலை, கைக்கெட்டாத அலுமாரி மேற்பரப்பு ஆகிய இடங்களில் ஒன்றோ இரண்டோ வைக்கலாம். இலை பெரிதாகவும் வழுவழுப்பாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருப்பதைத் தெரிந்தெடுக்க வேண்டும், ஒரு துணியால் ஒரே துடைப்பில் துடைக்கத்தக்கதாக. பூ வேண்டாம், பிளாஸ்டிக் பூ தன் பொய்யை இலையைவிட முந்திக் காட்டிவிடும். மாதம் ஒரு தரம் குழாயடியில் கழுவ ஆள் இல்லையென்றால் அந்த மூலைக்குப் பனையோலைப் பெட்டியோ காய்ந்த பனம்பாளையோ சிரட்டை விளக்கோ போதும். அவை உள்ளூர்க் கைகளுக்கு வேலை கொடுக்கும். பழுதானால் மண்ணோடு மண்ணாகும்.

உயிர்ச்செடிக்கு வரும்போது, வெளியில் நிற்பதும் உள்ளே நிற்பதும் இருவேறு தெரிவுகள். வெளியில் நிற்பவற்றில் தெரிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கடதாசிப்பூ என்று ஊரில் வழங்கும் போகன்வில்லா வெயிலையும் வறட்சியையும் தாங்கும். தண்ணீர் குறைத்தால்தான் கூடப் பூக்கும். பட்டிப்பூ மணலிலும் சவரிலும் நின்று ஆண்டு முழுவதும் பூக்கும். கசப்பும் நஞ்சும் இருப்பதால் ஆடு அதைத் தொடாது. கற்றாழை, அடேனியம், பத்துமணிப்பூ மூன்றும் வெயில் நேராக விழும் திண்ணைக்கு நல்லவை. செவ்வரத்தையும் குரோட்டனும் காற்று மறைவில் மட்டும். கடலைப் பார்த்த வளவாக இருந்தால் மணல்மேட்டில் படர்ந்திருக்கும் அடம்பன் கொடியை வெட்டித் துப்புரவாக்கக் கூடாது. மணலைப் பிடித்து வைப்பது அதுவே, காசு கேட்காத பூந்தோட்டமும் அதுவே. அலரியைக் குழந்தைகள் தங்கும் வீட்டில் வைக்கவே கூடாது. வேர் முதல் பூ வரை எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு என்பதால் அதுவும் வாசலோரம் வேண்டாம். படலை திறந்தே கிடக்கும் வளவில் நட்டதில் பெரும்பகுதியைக் கட்டாக்காலிக் கழுதையும் ஆடும் ஒரே இரவில் பார்த்துக்கொள்ளும்; சாடிகளை விறாந்தைக் கட்டின்மேல் ஏற்றி வைப்பது அந்த வகையிலும் நல்லது.

உள்ளே வைப்பதற்கு இந்தக் கரையில் முதலிடம் மருளுக்கு. பாம்புக் கற்றாழை என்றும் சொல்லப்படும் இந்த இனத்தில், நகரக் கடைகளில் விற்கப்படும் மஞ்சள் விளிம்பு வகை மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்தது. இலங்கையில் இயல்பாகவே வளரும் மருள் ஒன்றும் வறண்ட காடுகளில் இருக்கிறது. பகலில் இலைத்துளைகளை மூடி இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளெடுக்கும் இயல்பு இதற்கு உண்டு. அதனால் வெக்கையிலும் நீரை வீணாக்காது. மூன்று நாலு வாரம் ஒருவரும் எட்டிப் பார்க்காவிட்டாலும் நிமிர்ந்து நிற்கும். இதைக் கொல்ல ஒரே வழி தண்ணீர் கூட ஊற்றுவது. விருந்தினர் ஒவ்வொருவரும் அன்போடு ஒரு குவளை ஊற்றிவிட்டுப் போனால் அடி அழுகும். சாடியில் 'தண்ணீர் ஊற்ற வேண்டாம்' என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுவது அவசியமானது. இனப்பெருக்கமும் எளிது: அடிக்கிழங்கைப் பிரித்து நடலாம், அல்லது இலையை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, மேல்கீழ் மாறாமல் மணலில் செருகினால் ஒன்று இரண்டு மாதத்தில் வேர் விடும். மஞ்சள் விளிம்பு வகையை இலைத்துண்டில் வளர்த்தால் விளிம்பு மறைந்து முழுப் பச்சையாகவே முளைக்கும்; விளிம்பு வேண்டுமானால் கிழங்கைப் பிரிக்க வேண்டும். ஒரு சாடியிலிருந்து இரண்டு ஆண்டில் வீடு முழுக்கப் பரப்பலாம். காசும் இல்லை, கடையும் இல்லை. கிழக்கு ஆபிரிக்காவின் ஸீஸீ செடி அடுத்த இடத்தில் வரும். நிலத்தடிக் கிழங்கில் நீர் சேமித்துக்கொள்ளும், மங்கல் வெளிச்சத்துக்கும் ஒத்துவரும். மணிபிளான்ட் மூன்றாமிடம், பூட்டிய அறையில் மெலிந்து நீளும் என்றாலும் செத்துப்போகாது. அந்தூரியம், பன்னம், மொன்ஸ்டெரா போன்ற ஈரம் விரும்பிகளை நினைக்கவே வேண்டாம்.

இந்தச் செடிகள் அறையின் காற்றைச் சுத்தமாக்கும் என்று விளம்பரத்தில் எழுதுவதும் வேண்டாம். 1989இல் நாசா ஆய்வாளர்கள் செய்த சோதனை காற்றுப்புகாத சிறு பெட்டிகளில் நடந்தது. அத்தகைய சோதனைகளை 2019இல் மீளாய்வு செய்தவர்கள், யன்னல் திறந்து மூடும் சாதாரண வீட்டில் அதே பயன் கிடைக்கச் சதுர மீற்றருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வரை வேண்டியிருக்கும் என்று கண்டார்கள். செடி கண்ணுக்கு நல்லது, அது போதும்.

உயிர்ச்செடியின் உண்மையான ஆபத்து நுளம்பு. சாடிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீரிலும், போத்தலில் தண்ணீர் விட்டு வைத்த மணிபிளான்டிலும் டெங்கு நுளம்பு முட்டையிடும். முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, நீர் பட்டதும் பொரிக்கும். ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பாகிப் பறக்கும். பூட்டிய வீட்டுக்கு அந்தப் பத்து நாள் தாராளம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வளவின் உரிமையாளரும் குடியிருப்பவரும் பொறுப்பாளிகள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குத் தொடரலாம். மன்னாருக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில் சான்றளித்தது. அதே ஆண்டு டிசம்பரில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு இலங்கையில் முதன்முதலாக மன்னார்த் தீவில் கண்டுபிடிக்கப்பட்டது. கிணற்றிலும் தொட்டியிலும் அது பெருகும். எனவே விதி எளியது: சாடிக்குக் கீழ் தட்டு வைப்பதில்லை, வைத்தால் மணலால் நிரப்புவது, செடியைத் தண்ணீர்ப் போத்தலில் வளர்ப்பதில்லை, தோட்டத்துக்கான தொட்டிக்கும் கிணற்றுக்கும் வலை போடுவது.

வெளிநாட்டிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ பெட்டிக்குள் கன்று கொண்டுவருவதும் சட்டப்பிழை. 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் உயிர்ச்செடி, மண், விதை எதுவும் இறக்க முடியாது. அதற்கான காரணத்தை இந்தக் கரையே காட்டும்: வெளியிலிருந்து வந்த சீமைக்கருவேல் இன்று வறள்கரையெங்கும் முள்ளாகப் பரவி நிற்கிறது.

அரச வேலை மாறுதலிலோ தொண்டு நிறுவன ஒப்பந்தத்திலோ வந்து ஆறு மாதம் ஓராண்டு வாடகைக்கு இருப்பவரின் கணக்கு வேறு. அவர் நிலத்தில் நடுவது வீண். சாடியில் வைத்ததே அவரோடு வரும். மண்சாடி காற்றில் சீக்கிரம் காயும், வழியில் உடையும். பழைய பெயின்ற் வாளியில் அடித்துளை போட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுவதற்கு முன் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். போகும்போது கன்றுகளை அயலுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு தண்டை மட்டும் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோவது நம் ஊர்களில் பழைய வழக்கம். அதைவிட நல்ல முறை இன்னும் வரவில்லை.

எந்தச் செடியைத் தெரிந்தாலும் இரண்டு பொருத்தங்கள் பார்க்க வேண்டும்: செடிக்கும் இடத்துக்கும், செடிக்கும் கைக்கும். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் அரபு வணிகர் கொண்டுவந்ததாகக் கருதப்படும் ஆபிரிக்க மரம். தண்டைச் சுற்றி அளந்தால் ஏறத்தாழ 19 மீற்றர். வெளியூர் மரம் இப்படிப் பருத்து நிற்பதற்குக் காரணம், அதன் சொந்த நிலமும் மன்னாரும் வெயிலிலும் வறட்சியிலும் ஒத்திருப்பது. பெயர் போன செடி என்பதால் ஒன்று தழைப்பதில்லை. இடம் பொருந்தினால் தழைக்கும். கைராசி என்று ஊரில் சொல்வதும் பெரும்பாலும் கவனத்தைத்தான். மண்ணுக்குள் விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டும் ஊற்றும் பழக்கம் உள்ளவருக்கு எல்லாச் செடியும் கைகொடுக்கும். அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு விலை கூடின செடியாலும் பயனில்லை. பிள்ளைகள் சொன்னார்கள், பக்கத்து வீட்டில் வைத்தார்கள் என்று ஒரே நாளில் இருபது சாடி இறக்குபவரைவிட, ஒரு மருளும் இரண்டு கடதாசிப்பூவும் வைத்து ஒரு முழு ஆண்டு அவற்றின் போக்கைப் பார்ப்பவரே ஆறாவது ஆண்டில் தோட்டத்துடன் இருப்பார். எந்த மூலையில் காற்று சுழல்கிறது, எந்த யன்னலுக்கு மாசியில் வெயில் வருகிறது என்று வீடே சொல்லும். கேட்கும் பொறுமை வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்காவோ தம்பியோ விரும்பும் செடி எது என்று கேட்பதும் இதில் சேரும். கழுவப்போவதும் ஊற்றப்போவதும் அவர்கள். தங்களுக்குப் பிடித்த கன்றை அவர்கள் சாகவிடுவதில்லை.

வெளியில் நடுவதற்கு உரிய காலம் ஒக்டோபரின் முதல் மழை. குழியில் தீவு மணலோடு மக்கிய மாட்டெருவும் குளத்து வண்டலும் சமமாகக் கலக்க வேண்டும். தென்னந்தும்பு சேர்ப்பதானால் அதை நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசி உப்பு நீக்கிய பிறகு சேர்க்க வேண்டும். டிசம்பர் முடியும்வரை மழையே பார்த்துக்கொள்ளும். தை, மாசியில் கிழமைக்கு இரண்டு தரம் ஆழ ஊற்றி, பங்குனியில் அடியைப் பனையோலைத் துண்டுகளால் மூடி, தென்மேற்குப் பக்கமாகக் கிடுகுத் தட்டி ஒன்று கட்டிவிட்டால் மே மாதத்துச் சோழகத்துக்கு முன் வேர் இறங்கிவிடும். உள்ளே வைக்கும் சாடிகளை, ஒரு கூட்டம் போய் அடுத்தது வருமுன், இரண்டு நாள் விறாந்தை நிழலில் நிறுத்தி இலையைக் கழுவித் திரும்ப உள்ளே எடுக்க வேண்டும். படுக்கை விரிப்பு மாற்றும் வேலைப் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் மறக்காது.